கவிழ்த்து வைத்த புத்தகங்கள்

போன வாரம் ஒரு மதியம் ஷோபா போன் செய்தபோது நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு மதியத் தூக்கம் எனக்குப் பழகிவிட்டது. அந்தத் தூக்கத்தில் பெரும்பாலும் நான் நூலகத்தில்தான் இருப்பேன். நீளமான மரத் தட்டில் அட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே இருப்பேன். ஜன்னலில் மழை வெளிச்சம் நிற்கும். யாரும் பேசமாட்டார்கள். வேலை முடியாது, முடிய வேண்டும் என்ற அவசரமும் இருக்காது. சம்பளம் இல்லாமல் இப்படித் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள்.

ஷோபா என்னிடம் உதவியாளராகச் சேர்ந்து, இப்போது மைசூர் விஜயநகரில் நான் இருந்த அதே கிளை நூலகத்தைப் பொறுப்பேற்று நடத்துகிறவள். தமிழில் ஆரம்பித்து கன்னடத்தில் முடிப்பாள்.

"மேடம், மலகித்ரா?"

"தூங்கலை, சொல்லு" என்று பொய் சொன்னேன்.

புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். ஒரு வாசகரின் பெயரைத் தட்டினால், அவர் சேர்ந்த நாளிலிருந்து எடுத்த எல்லாப் புத்தகமும் திரையில் வரிசைகட்டி வந்து நிற்கிறதாம். படி இறங்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோனோமே, அந்தப் பழைய விவரங்களையும் ஏற்றினால் நன்றாக இருக்கும் என்று மேலதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்க ஒரு நோட்டு வெச்சிருந்தீங்க இல்ல, அல்வா மேடம்? நீல அட்டை. நான் சேந்த புதுசுல பாத்திருக்கேன். அது இப்ப எங்க, எல்லிதே?"

"அது இல்லை ஷோபா. கிழிச்சாச்சு."

"அய்யோ. யாரு கிழிச்சாங்க?"

"நான்தான்."

"அப்போ மேலே என்ன பதில் எழுதறது மேடம்?" என்றாள். போனில் சொல்கிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். எழுதியிருக்கிறேன். இதில் வாசகர்களுடைய பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது படித்தால் தெரியும்.

கொள்ளேகாலத்தில் பிறந்து, மைசூரில் நூலகப் படிப்பு படித்து, நாலைந்து இடங்களில் தற்காலிகமாகக் குப்பை கொட்டி, கடைசியில் விஜயநகருக்கு வந்து சேர்ந்தேன். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான். உண்மையில் நான் தொழில் கற்றுக்கொண்டது மாதப்பா சாரின் கையைப் பார்த்து. அவர் அங்கே நூலகர். ஆள் ஆறடி. குரல் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது. கன்னடத்தில்தான் பேசுவார். அவர் சொன்னதை எல்லாம் நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அப்போது கணினி கிடையாது. ஒவ்வொரு புத்தகத்தின் கடைசி அட்டைக்குள்ளும் ஒரு சின்னக் காகிதப் பை ஒட்டியிருக்கும். அதில் அந்தப் புத்தகத்துக்கான அட்டை. வாசகரிடம் உறை மாதிரி ஒரு சீட்டு இருக்கும், அதில் அவர் பெயர். புத்தகம் எடுக்கும்போது, புத்தகத்தின் அட்டையை உருவி வாசகரின் சீட்டுக்குள் செருகி, திருப்ப வேண்டிய தேதிக்குப் பின்னால் மரத் தட்டில் நிறுத்திவிடுவோம். புத்தகம் திரும்பி வந்ததும் அந்த ஜோடியைப் பிரித்துவிடுவோம். அட்டை புத்தகத்துக்கு, சீட்டு வாசகருக்கு. அதன் பிறகு அந்தப் புத்தகத்தை யார் படித்தார்கள் என்பது மலைமேல் இருக்கிற சாமுண்டீஸ்வரிக்குத்தான் தெரியும்.

"ஜோடி பிரிஞ்சா நூலகம் மறந்துடணும்" என்பார் மாதப்பா சார். "மறக்கிறதும் நம்ம வேலைதான்."

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. வாசகர் மேஜையில் புத்தகத்தை வைத்ததும், அதைக் கவிழ்த்துவிடுவார். தலைப்பு மேஜையைப் பார்க்கும். பின்னட்டையைத் திறப்பார், அட்டையை உருவுவார், சீட்டில் செருகுவார், தேதி முத்திரை குத்துவார், கவிழ்ந்தபடியே திருப்பிக் கொடுப்பார். என்ன புத்தகம் கொடுத்தார் என்று அவரையே கேட்டால்கூடச் சொல்லத் தெரியாது. நானோ தலைப்பைப் பார்க்காமல் இருக்கமாட்டேன், பார்த்தால் வாயைத் திறக்காமல் இருக்கமாட்டேன். ஒருநாள் ஒரு கல்லூரிப் பெண் கர்ப்பகாலப் பராமரிப்புப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். "அக்காவுக்காம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவள் புத்தகத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே போனாள். அப்புறம் அவள் எங்கள் படியேறவே இல்லை.

அன்று மாலை கதவைப் பூட்டும்போது மாதப்பா சார் சொன்னார். "அந்தப் பொண்ணு புத்தகத்தைத்தான் கேட்டா. உங்களைக் கேக்கலை."

திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. மறுநாளிலிருந்து நானும் புத்தகங்களைக் கவிழ்க்க ஆரம்பித்தேன்.

வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோகிற வேலை ஒரு துண்டுச் சீட்டில் தொடங்கியது. வாரம் தவறாமல் வருகிற ஓர் அம்மாள், பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கையில் தன் உறுப்பினர் சீட்டுகளைத் திருப்பி அனுப்பி, "இனி எனக்கு இவை தேவைப்படாது" என்று எழுதியிருந்தார். மாதப்பா சார் அந்தத் துண்டை மேஜைமேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "புத்தகத்துக்குக் கால் இல்லை. உங்களுக்கு வண்டி இருக்கு" என்றார்.

செவ்வாயும் வெள்ளியும் காலை நேரம் அதற்கென்று ஆனது. ஸ்கூட்டரில் இரண்டு பைகள். மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம் எட்டு மணிவரைக்கும் தெருவில் படுத்திருக்கும். உறை போட்ட கார்கள், மூடிய கேட்டுகள், எங்கிருந்தோ சம்பங்கி வாசனை. அந்த வீடுகளுக்குள் நுழைந்தால் வெளியே ஓடுகிற நேரம் அங்கே ஓடாது. ஒரு வீட்டில் எப்போதும் சாயங்காலம் மாதிரி இருக்கும். இன்னொரு வீட்டில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருப்பவர், தெருவில் போகிற ஒவ்வொரு வண்டியையும் அதன் சத்தத்தை வைத்தே யாருடையது என்று சொல்வார். நான் புத்தகத்தை நீட்டுவேன், அவர்கள் அதை முதலில் முகர்ந்து பார்ப்பார்கள். அந்தக் காலைகளில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

சிக்கல் ஒன்றுதான். நூலகத்துக்கு வருகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். இவர்களுக்கு நான் அல்லவா எடுத்துப்போக வேண்டும். யார் எதைப் படித்துவிட்டார்கள் என்பதை என் தலைதான் சுமக்க வேண்டும். என் தலையின் லட்சணம் எனக்குத் தெரியும்.

"விஜயா, இதே புஸ்தகம் மூணாவது வாட்டி வரது" என்றார் பாட்டு டீச்சர் ஒருநாள். "மறதி எனக்கா, உனக்கா?"

அன்றுதான் நீல நோட்டு வாங்கினேன். மாதப்பா சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று தெரியும். அதனால் நானே எனக்கு ஒரு சமாதானம் செய்துகொண்டேன். ஆளுக்கு ஒரு பக்கம், தலையில் பெயர். ஆனால் புத்தகத்தின் தலைப்பு எழுதமாட்டேன். முதுகில் ஒட்டியிருக்கும், எந்த அலமாரி என்று காட்டுகிற எண்ணை மட்டும் எழுதுவேன். அறுநூற்றுச் சொச்சம், எண்ணூற்றுச் சொச்சம் என்று இருப்பதைப் பார்த்து யாருக்கு என்ன புரியும்? எண்ணுக்குப் பக்கத்தில் எனக்கு மட்டும் ஒரு குறிப்பு: 'பிடித்தது.' 'எழுத்து சின்னது.' 'அழுகைக் கதை வேண்டாம்.' புத்தகத்துக்கு முகமூடி போட்டுவிட்ட நிம்மதி எனக்கு.

செங்கோடன் மேஸ்திரி எங்கள் பட்டியலில் கடைசியாகச் சேர்ந்தவர். மேட்டூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் எல்லையில் இருக்கிற பாலாறு தாண்டி வேலைக்கு வந்தவர். தரைக்குக் கல் பதித்து, மெஷின் போட்டுப் பாலிஷ் பிடிப்பது அவர் தொழில். விஜயநகரில் பாதி வீடுகளின் கூடம் அவர் கைபட்டதுதான். முப்பது வருடம் அந்தக் கல் தூளைச் சுவாசித்ததில் நுரையீரல் போய்விட்டது. தான் தரை போட்ட ஒரு வீட்டின் மாடி அறையிலேயே மனைவி பழனியம்மாவோடு வாடகைக்கு இருந்தார். படி இறங்கினால் மறுபடி ஏறுவதற்கு மூச்சு இல்லை. அதனால் இறங்குவதை விட்டுவிட்டார்.

நோய் இன்னதென்று டாக்டர் பழனியம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். இனி சரியாகாது, நாள்தான் கணக்கு என்று. அந்த அம்மாள் முதல் நாளே என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, "அவுங்களுக்குத் தெரியாதுங்கம்மா. சளின்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். நீங்களும் எதும் பேசிராதீங்க" என்று கேட்டுக்கொண்டார். நான் தலையாட்டினேன்.

மேஸ்திரி தமிழும் படிப்பார், கன்னடமும் படிப்பார். கன்னடத்தைக் கடைப் பலகைகளைப் பார்த்தே கற்றுக்கொண்டாராம். முதலில் பயணக் கதைகள் கேட்டார். பிறகு கடல் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார், அவர் கடலே பார்த்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, பழனியம்மா கீழே தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம், வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திச் சொன்னார்.

"நுரையீரல் சீக்கு பத்தி… கன்னடத்துல ஏதாச்சும் இருக்குங்களா? பழனிக்குத் தெரிய வேண்டாம்."

"எதுக்குங்க?" என்று கேட்கப் பார்த்தேன். அந்தக் கல்லூரிப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். "பாக்கிறேங்க" என்று மட்டும் சொன்னேன்.

மூன்று புத்தகங்கள் இருந்தன. மூன்றையும் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, ஒவ்வொன்றாகக் கொண்டுபோய், கவிழ்த்தபடி அவர் கையில் கொடுத்தேன். அவர் படித்தார். ஒவ்வொரு வாரமும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அறைக்குள் வந்தால் மனைவி அவருக்காகச் சிரித்த முகம் வைத்திருந்தார். அவர் மனைவிக்காகச் சிரித்த முகம் வைத்திருந்தார். நடுவில் நான் இருவருடைய ரகசியத்தையும் இரண்டு பைகளைப் போலத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று, "சாகும்மா. இனி இந்தப் புஸ்தகம் சாகு. வேற ஏதாச்சும் சிரிக்கிற மாதிரி கொண்டாங்க" என்றார்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். கன்னடத்தில் 'சாகு' என்றால் 'போதும்' என்று அர்த்தம். மைசூர்த் தமிழர் வாயில் போதும் என்ற சொல் அபூர்வமாகத்தான் வரும். சோறு சாகு, சாம்பார் சாகு, பேசினது சாகு. அந்த 'கு'வை அழுத்திச் சொல்வோம். சரியாக எழுதினால் தமிழில் 'சாக்கு' என்று எழுத வேண்டும். நான் அவர் எதிரிலேயே நோட்டைத் திறந்து, மூன்று எண்களையும் சேர்த்து ஒரு கோடு போட்டு, பக்கத்தில் அவசரமாக 'சாகு' என்று எழுதினேன். 'க்' இல்லாமல் தமிழ்க் கண் படித்தால் அது சாவு; ஒரு 'க்' போட்டிருந்தால் வெறும் கோணிப்பை ஆகியிருக்கும், யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

எழுதி முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது. கீழே ஸ்கூட்டரில் இன்னொரு பை திறந்து கிடந்தது. அடித்துப் பிடித்து இறங்கி ஓடினேன். நோட்டை ஜன்னல் திட்டிலேயே விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில்தான் அது பையில் இல்லை என்று தெரிந்தது. ஓடினேன். பழனியம்மா பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துவைத்திருந்தார். "மழைச் சாரல் அடிச்சுதுங்க. நனையாம எடுத்து வெச்சேன்" என்று கொடுத்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். எண்கள்தானே என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய் நான் போனபோது அறையெல்லாம் எண்ணெய் வாசனை. தட்டில் நாலு பூரியும், மஞ்சள் நிறத்தில் காய்கறிக் குழம்பும் வைத்து என் கையில் கொடுத்தார் பழனியம்மா. மைசூர் ஓட்டல்களில் பூரிக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிற அந்தக் குழம்புக்கும் சாகு என்றுதான் பெயர்.

"அவுங்க உங்ககிட்ட சாகு வேணும்னு கேட்டாங்களாமே. நீங்களும் நோட்டுல எழுதிக்கிட்டீங்களாமே" என்றார். "என்னைக் கேட்டிருந்தா நான் செஞ்சு போட்டிருக்க மாட்டனா?"

கையில் தட்டோடு அப்படியே நின்றேன். கட்டிலில் மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தட்டில் ஒரு பூரி, ஓரம் மட்டும் கிள்ளியிருந்தது. அவருக்கு எண்ணெய்ப் பண்டம் ஆகாது, இருமல் வரும். எழுத்துக் கூட்டி அந்தச் சொல்லைப் படித்த மனைவி வந்து கேட்டிருக்கிறார். அந்த நிமிடத்தில் மனிதருக்குச் சமாளிக்கக் கிடைத்தது பூரிதான். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பழனியம்மா நூலகத்துக்கு வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோவிலுக்குள் வருகிற மாதிரி வந்தார். உள்ளங்கையில் மடித்த காலண்டர் துண்டு. அதில் என் நோட்டிலிருந்து பார்த்து எழுதிய எண், அறுநூற்றுப் பதினாறில் தொடங்குவது. பள்ளிப் பிள்ளை எழுதினது போலக் கோணல் கோணலாக இருந்தது.

"இந்த நம்பரு எந்த அலமாரிங்கம்மா?"

என் தொழிலில் எனக்கு வந்த கஷ்டமான நிமிடம் எது என்று கேட்டால் அதுதான். மேஸ்திரி என்ன படித்தார் என்று அவர் கேட்டிருந்தால், சொல்லமுடியாது என்று சொல்லிவிடுவேன். அவர் அதைக் கேட்கவில்லை. அலமாரி எங்கே என்று கேட்டார். நூலகத்துக்கு வந்த யார் கேட்டாலும் காட்ட வேண்டும். காட்டினால் நோய்கள், நோய்கள், நோய்கள் என்று வரிசையாக நிற்கும். கன்னடம் படிக்கத் தெரியாவிட்டாலும் அட்டைப் படத்தைப் பார்க்கத் தெரியுமே. வேறு அலமாரிக்குக் கூட்டிப்போய் ஏமாற்றலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது, சமையல் புத்தகங்கள் பக்கத்தில்தான் இருந்தன. மாதப்பா சார் தன் மேஜையிலிருந்து தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார்.

"வாங்க" என்றேன்.

அலமாரிகளுக்கு நடுவே நடந்தோம். பின்மதிய வெளிச்சம் மேல் ஜன்னலிலிருந்து சாய்ந்து விழுந்து, அதில் தூசி மெதுவாக மிதந்துகொண்டிருந்தது. பதினைந்து அடிதான் இருக்கும், ஆனால் நாங்கள் ரொம்ப நேரம் நடந்தது போலத்தான் இன்றைக்கும் தோன்றுகிறது. கடைசித் திருப்பத்துக்கு முன்னால் பழனியம்மா அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இதுக்கு அந்தப் பக்கமுங்களா?"

"ஆமாங்க."

"அந்த எழுத்து நீங்க எழுதினதுதானுங்களே?"

"நான்தான் எழுதினேன். அது தமிழ் இல்லீங்க. கன்னடம். போதும்னு…"

"தெரியுமுங்க. மார்க்கெட்டுல தெனம் நூறு தடவ நானே சொல்றேன். ஆனா எழுத்தா பாத்தா எனக்குத் தமிழ் மட்டுந்தான் வருமுங்க. அவுங்க பேரப் போட்டு, கீழ சாகுன்னு இருந்துச்சு. என்னால அதை வேற எப்படியும் படிக்க முடியல." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பூரிக்குன்னு சொன்னாரு. பொய் சொன்னா அவரு சிரிப்பாருங்க. நெசம் சொல்றப்ப சிரிக்கவே மாட்டாரு."

அவர் கையிலிருந்த துண்டுத்தாளை விரித்து ஒருமுறை பார்த்தார், மறுபடி மடித்தார்.

"வேண்டாமுங்க. நான் பாக்கல."

"பாக்கணும்னா பாக்கலாங்க."

"பாத்துட்டா, அவுங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சு போயிருமுங்களே. அப்புறம் காலைல எந்திரிச்சு, சளிதான் கொறைஞ்சிரும்னு எந்த வாயில சொல்லுவேன்? இப்பவே பாதி வாயிலதான் சொல்றேன்."

திரும்பி வாசலுக்குப் போனார். செருப்பைப் போடும்போது, "அவுங்களுக்குச் சிரிப்புக் கதையா பாத்துக் கொடுங்க" என்றார். நான் உள்ளே வந்து அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன்.

மாதப்பா சாரிடம் நோட்டைக் கொண்டுபோய் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான், ஆனாலும் சொன்னேன். அவர் நோட்டைத் திறக்கவில்லை. வழக்கம்போல அதைக் கவிழ்த்து வைத்தார்.

"இதுல எத்தனை பேர்?"

"பதினோரு பேர் சார்."

"அந்தம்மா எடுத்து வெச்சிருந்தது ஒரு ராத்திரி. மத்த பத்துப் பேர் பக்கத்தையும் யாராவது பாத்திருப்பாங்களா?"

அதை நான் யோசித்திருக்கவே இல்லை. மேஸ்திரியைப் பற்றி மட்டும்தான் உருகிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அவர் குப்பைக்கூடையை நகர்த்தி எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். நான் பக்கம் பக்கமாகக் கிழித்தேன். அவர் ஒவ்வொன்றையும் வாங்கி, படிக்காமல், கொத்தமல்லி கிள்ளுவது போலச் சின்னதாகக் கிள்ளிப் போட்டார்.

"ஞாபகம் வாசகர்கிட்டயே இருக்கட்டும்" என்றார் முடிவில். புத்தகத்தில் யாராவது பென்சில் கோடு போட்டால் அன்றைக்குச் சாப்பிடமாட்டார் அந்த மனிதர். அவரே வழி சொன்னார்: வீட்டிலிருந்து படிக்கிற ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒரு பக்க எண்ணை வைத்துக்கொள்ளட்டும். படித்து முடித்ததும் அந்த எண்ணுக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி. மறுபடி அதே புத்தகம் வந்தால் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிடலாம். யாருடைய எண் எது என்று நாம் கேட்கக்கூடாது. நான் ஓய்வு பெறும் வரை அப்படித்தான் நடந்தது. ஷோபா, இருபத்தேழாம் பக்கத்திலும் நூற்றெட்டாம் பக்கத்திலும் நீ பார்த்திருக்கிற புள்ளிகள் அவைதான். அழிரப்பரை எடுக்காதே. மேலே எழுதும்போது, பழைய விவரம் எதுவும் இல்லை என்று எழுது. அது உண்மை.

ஆனால் மேஸ்திரி வீட்டில் என்ன ஆனது என்று நீ கேட்பாய்.

நான் செவ்வாயும் வெள்ளியும் போய்க்கொண்டிருந்தேன். சிரிப்புக் கதைகள் கொடுத்தேன். அவர் எங்கே படித்தார், மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை புத்தகத்தை வாங்கி மார்மேல் வைத்துக்கொண்டு, அறை மூலையில் சமையலுக்கு வைத்த மறைப்பின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"பழனி லைப்ரரிக்கு… வந்துச்சுங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் யாருக்கும் தீங்கு செய்திருக்காது என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்த அம்மாளும் எங்கள் வாசலுக்கு வந்தவர். அவர் வந்ததும், நின்றதும், திரும்பியதும் அவருடையவை.

"யாரு வர்றாங்க, என்ன பாக்கறாங்கன்னு நாங்க சொல்றதில்லீங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று நான்கு மூச்சு போனது.

"வரலைன்னா… வரலைன்னு சொல்லியிருப்பீங்க."

வாயை மூடிக்கொண்டே உளறிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி வேண்டாம் என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த அறைக்குள் அவரைச் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

"பழனி" என்று கூப்பிட்டார். குரல் எட்டவில்லை. கட்டிலின் இரும்புக் காலை விரலால் தட்டினார். "பழனி. இங்க வா."

"குக்கர் வெச்சிருக்கேனுங்க" என்று மறைப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அது கெடக்குது. வந்து… பக்கத்துல உக்காரு."

பழனியம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கணவரைப் பார்த்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மேஸ்திரி அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். நான் எழுந்து, "வர்றேனுங்க" என்றேன். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டுப் படி இறங்கினேன்.

கீழே வந்து பைகளை மாட்டும்போது மாடியில் குக்கர் விசில் அடித்தது. மூன்று விசிலுக்கு இறக்குகிறவர் பழனியம்மா, ஒன்றுகூட அதிகம் விடமாட்டார். மூன்று அடித்தது. நான்கு. ஐந்து. யாரும் எழுந்து போகவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்ப எனக்கு மனம் வரவில்லை. வண்டிச் சத்தத்தில் மேலே அவர்கள் பேசுவதில் ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டால்? ஸ்டாண்டை எடுத்துவிட்டு, தெருமுனை வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன்.